"அது தப்பு" என்று சொல்வது ஒரு உண்மையைச் சொல்வதா, உணர்ச்சியைக் கொட்டுவதா?

போன மாதம் சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் பக்கத்து மேசைக்காரர் சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனார். என் அம்மா "சீ" என்றார். என் மகள் "தப்புல்ல பாட்டி?" என்றாள். (2021 செப்டம்பரிலிருந்து இதற்கு அபராதமே உண்டு. ஆனால் அவர்கள் சட்டம் பேசவில்லை.)

ஆங்கிலேயத் தத்துவவாதி ஏ. ஜே. எயரைக் கேட்டால், பாட்டியும் பேத்தியும் செய்தது ஒரே காரியம் என்பார். "தப்பு" என்ற சொல் நடந்ததைப் பற்றிப் புதிதாக எதையும் தெரிவிப்பதில்லை, முகச்சுளிப்பைக் காட்டுகிறது, அவ்வளவுதான். இது 1936இல் அவர் எழுதியது. பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள்: "எனக்குப் பிடிக்கவில்லை" என்று தெரிவிப்பதாக அவர் சொல்லவே இல்லை. அப்படித் தெரிவித்தால் அது மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கும். "சீ"க்கு மெய் பொய் ஏது?

எனக்குப் பிடித்தவர் இன்னொரு ஆங்கிலேயத் தத்துவவாதி, ஆர். எம். ஹேர். 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டவர். பிறகு சயாம் ரயில்பாதையில் வேலை வாங்கப்பட்டார். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே பாதை. தார்மீகத் தீர்ப்பு என்பது கூச்சல் அல்ல, சொல்பவரையும் சேர்த்து எல்லோருக்கும் இடப்படும் கட்டளை போன்றது என்று 1952இல் வந்த நூலில் வாதிட்டார். அங்கிருந்து மீண்டவருக்கு வெறும் "சீ" போதவில்லை போலும். இது என் ஊகம்தான்.

எயர் கட்சிக்குச் சிக்கல் "என்றால்" என்ற சொல்லில் இருக்கிறது. 1965இல் தத்துவவாதி பீட்டர் கீச் இதைப் பிடித்தார். "தட்டை விட்டுப் போவது தப்பு என்றால், பிள்ளையை அப்படிச் செய்யச் சொல்வதும் தப்பு." இதைச் சொல்பவர் யாரையும் கண்டிக்கவில்லை. தட்டை விடலாம் என்று நினைப்பவரும் இதைச் சொல்லலாம். ஆனால் முதல் பாதியை ஒப்புக்கொண்டால் இரண்டாம் பாதி தானாக வந்து விழுகிறது. கண்டிப்பே இல்லாத இடத்திலும் "தப்பு"க்குப் பொருள் இருக்கிறது என்றால், அந்தப் பொருள் கண்டிப்பு மட்டுமாக எப்படி இருக்கும்? எயர் வழியில் வந்த தத்துவவாதி சைமன் பிளாக்பர்ன் 1984இல் இதற்கு ஒரு விடை தந்தார். எனக்கு முழுத் திருப்தியில்லை.

அதற்காக எயர் கட்சியை அடியோடு தள்ளவும் மனமில்லை. மகளின் கணக்கு தப்பு என்று எந்த உணர்ச்சியும் இல்லாமல் சொல்வேன். ஆனால் அன்று அவள் "தப்பு" என்று சொன்ன கையோடு தன் தட்டையும் விட்டுவிட்டு ஓடியிருந்தால், அந்தச் சொல்லை மனதாரத்தான் சொன்னாளா என்று சந்தேகப்பட்டிருப்பேன். கணக்குத் தப்பைத் திருத்தாமல் விட்டால் சோம்பேறி என்றுதான் நினைப்பேன், அந்தச் சந்தேகம் வராது.