கேள்வி – பதில்: 2,500 வெள்ளியில் டம்பிள் ஒலி கிடைக்குமா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடொன்றின் எட்டாவது மாடியில் குடியிருக்கிறேன். வார நாள்களில் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. வார இறுதியில் திருமண மண்டபங்களிலும் ஆலயத் திருவிழா மேடைகளிலும் வாசிக்கும் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். அமெரிக்க கிட்டார் கலைஞர் ராபன் ஃபோர்டின் வாசிப்பைக் கேட்ட நாளிலிருந்து அவருடைய டம்பிள் ஆம்ப்பின் (கிட்டார் ஒலிபெருக்கியின்) ஒலி மனத்தை விட்டு நீங்கவில்லை. கோலாலம்பூரில் ஒரு கடையில் அதே பாணியில் கையால் செய்த ஆம்ப் ஒன்றை வாசித்துப் பார்த்தேன். விலை 20,000 வெள்ளிக்கு மேல் சொன்னார்கள். என்னிடம் சேர்ந்திருப்பது 2,500 வெள்ளி. அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன், அங்கே பழைய ஆம்ப் மலிவாகக் கிடைக்கும், வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?
— வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: அன்பு வாசகரே, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த ஒலியின் மேல் உங்களுக்கு இருக்கும் ஆசை எனக்கும் உண்டு என்பதால், இதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

இந்த ஆம்ப்களைச் செய்த ஹோவர்ட் அலெக்சாண்டர் டம்பிள் 2022 ஜனவரியில் காலமானார். கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு வாழ்நாள் முழுவதிலும் அவர் செய்து முடித்த ஆம்ப்கள் சுமார் 300 தான் இருக்கும் என்கிறார்கள். வாங்குபவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அவருடைய விரல் பழக்கத்துக்கு ஏற்ப ஆம்ப்பை அமைத்துக் கொடுப்பது அவருடைய வழக்கம். தம்முடைய சுற்றைப் பிறர் படியெடுத்துவிடக் கூடாது என்று உள்ளிருக்கும் பாகங்களின் மேல் எபாக்சிப் பசையை ஊற்றி மூடியும் வைத்தார். இப்போது அவை ஒரு லட்சம் அமெரிக்க டாலரையும் தாண்டி விலை போகின்றன. அந்தப் பணத்துக்கு உங்கள் ஊரில் ஒரு வீடே வாங்கிவிடலாம். எண்ணிக்கையில் குறைவு, செய்தவர் இன்று இல்லை என்ற இரண்டு காரணங்களே இந்த விலையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஒலிக்காகக் கொடுக்கும் பங்கு அதில் சிறியது என்றே நான் கருதுகிறேன்.

அந்த ஒலி எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். டம்பிள் செய்த ‘ஓவர்டிரைவ் ஸ்பெஷல்’, ஃபெண்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வழியில் வந்த ஆம்ப். முதலில் தெளிவான, திறந்த ஒலி. அதன் பின்னால், வேண்டும்போது சேர்த்துக்கொள்ளும்படி இன்னொரு பெருக்கக் கட்டம். தாழ்ந்த சுரங்கள் மொத்தையாகாமல் அடங்கி நிற்க, நடுச்சுரங்கள் மனிதக் குரலைப்போல் முன்னே வரும். நாதஸ்வரத்தில் ஒரு சுரத்தைக் கார்வை கொடுத்து நிறுத்துவார்களே, அப்படி ஒரு சுரம் தேயாமல் நீண்டு நிற்கும். நீங்கள் கடையில் கேட்டு மயங்கியது இந்தக் கார்வையாகத்தான் இருக்க வேண்டும்.

இதில் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய செய்தி ஒன்று உண்டு. டம்பிளை எடுத்துச்செல்ல முடியாத பயணங்களில், ராபன் ஃபோர்டு அங்கே கிடைக்கும் ஃபெண்டர் ஆம்ப் ஒன்றின் முன்னால் ஜென்டிரைவ் என்ற, காலால் அழுத்தி ஒலியை மாற்றும் சிறிய பெடலை வைத்து வாசித்திருக்கிறார். ஹெர்மிடா என்ற நிறுவனம் அவருடைய ஒலியை மனத்தில் வைத்தே அந்தப் பெடலை உருவாக்கியது. தெளிவான ஆம்ப், அதன் முன்னால் நடுச்சுரத்தைத் தூக்கிக் கொடுக்கும் ஓவர்டிரைவ் பெடல் என்ற அமைப்பு அவருக்கே போதுமானதாக இருந்தபோது, நமக்கும் போதும். பின்னாளில் டம்பிள் ஆம்ப் வைத்திருந்த கிட்டார் கலைஞர் லாரி கார்ல்டன்கூட, 1976-இல் ஸ்டீலி டான் குழுவின் இசைத்தட்டில் எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் தனி வாசிப்பை, ட்வீட் துணி போர்த்திய சிறிய ஃபெண்டர் டீலக்ஸ் ஆம்ப் ஒன்றில்தான் வாசித்தார்.

அடுத்தது வாட் கணக்கு. பலர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான். 150 வாட் ஆம்ப், 15 வாட் ஆம்ப்பை விடப் பத்து மடங்கு சத்தம் தரும் என்று நினைக்கிறார்கள். காது அப்படிக் கேட்பதில்லை. வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. ஓர் ஒலி காதுக்கு இருமடங்கு உரத்துத் தோன்ற வேண்டுமானால் வாட் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். ஆகவே, 97 டெசிபெல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 டெசிபெல் ஸ்பீக்கரைப் பொருத்தினால், ஆம்ப்பின் வாட்டை இருமடங்காக்கியதற்குச் சமமான பலன் கிடைக்கும். வால்வு (பழைய வானொலிகளில் இருந்ததுபோன்ற கண்ணாடிக் குழாய்) ஆம்ப்பின் இனிமையோ, வால்வுகள் தம் எல்லையை நெருங்கித் திணறும்போதுதான் வெளிப்படுகிறது. ஃபெண்டரின் 85 வாட் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்பை எட்டாவது மாடியில், தூங்கும் குழந்தைக்கு அடுத்த அறையில் வைத்து வாசித்தால், வால்யூம் 1-ஐத் தாண்டாது; அந்த இனிமையை நீங்கள் ஒருநாளும் கேட்கப் போவதில்லை. அதன் எடை சுமார் 29 கிலோ என்பதையும், உங்கள் மின்தூக்கி பழுதாகும் நாள்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

வால்வு ஆம்ப்களைத் திறந்து பழுது பார்த்தே பழகியவன் நான். அவற்றின் மேல் எனக்குள்ள பற்று குறையாது. அப்படியிருந்தும் உங்களுக்கு நான் பரிந்துரைப்பது டிரான்சிஸ்டர் ஆம்ப்தான். பாஸ் நிறுவனத்தின் கட்டானா 50 போன்ற ஒன்று உங்கள் தொகைக்குள் புதிதாகவே கிடைக்கும். அதில் 12 அங்குல ஸ்பீக்கர் இருக்கிறது. எடை சுமார் 12 கிலோ. முக்கியமாக, 50 வாட், 25 வாட், அரை வாட் என்று ஆற்றலை மாற்றிக்கொள்ளும் குமிழ் இருப்பதால், இரவில் அரை வாட்டில் வாசித்துவிட்டு, சனிக்கிழமை மண்டபத்துக்கு அதே பெட்டியைத் தூக்கிச் செல்லலாம். மண்டபத்தில் எப்படியும் ஸ்பீக்கரின் முன்னால் மைக் வைத்து மேடை ஒலியமைப்போடு சேர்த்துவிடுவார்கள். அதிலுள்ள தெளிவான சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற ஒலி வகைகளில் மனத்தை அலையவிடாதீர்கள். மிச்சப் பணத்தில் ஜென்டிரைவையோ, அதே பாணியில் வேறு நிறுவனங்கள் சில நூறு வெள்ளிக்கு விற்கும் பெடல்களில் ஒன்றையோ, உங்கள் கிட்டாரைக் கையோடு கொண்டுபோய் வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.

வால்வுதான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், ஃபெண்டர் புளூஸ் ஜூனியரைப் பழையதாகத் தேடுங்கள். இரண்டு ஈஎல்84 வால்வு, 15 வாட், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். பெட்டி சிறியது என்பதால் ஒலி கொஞ்சம் அடைபட்டுக் கேட்கும்; நல்ல ஸ்பீக்கர் ஒன்றை மாற்றினால் அந்தக் குறை பெருமளவு தீரும். வாங்கும் முன் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பினாங்கின் கடல் காற்றிலும் ஈரத்திலும் மூடிக் கிடந்த ஆம்ப்பானால், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் சாம்பல் நிறப் பூஞ்சை வட்ட வட்டமாகப் படர்ந்திருக்கும், திருகாணித் தலைகளில் துரு ஏறியிருக்கும். அரைமணி நேரம் சூடேற விட்டு, ஒவ்வொரு குமிழையும் மெல்லத் திருகிக் கரகரப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்களாகத் திறந்து பார்க்க வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருந்து உயிரைப் பறிக்கக்கூடும்.

அத்தை மகனின் அன்புக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் ஆம்ப்பை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது ஏறக்குறைய அதன் இருமடங்கு வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு என்றே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். நம் வெயிலில், மூடிய மேடைப் பந்தலுக்குள் மூன்று மணி நேரம் அது தாக்குப்பிடிக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஜப்பானிலிருந்து வரும் பழைய பொருள்களிலும் இதே ஆபத்து உண்டு. ஒருமுறை ஓர் இளைஞர் அப்படிப்பட்ட ஆம்ப் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். மலிவாகக் கிடைத்தது என்ற மகிழ்ச்சியில், பிளக்கின் மேல் மாற்றுப் பிளக் ஒன்றைச் செருகி நேராகச் சுவரில் மாட்டியிருக்கிறார். மூடியைத் திறந்ததும் எரிந்த வார்னிஷ் நெடி அறை முழுவதும் பரவியது. டிரான்ஸ்ஃபார்மரின் மேல் சுற்றியிருந்த மஞ்சள் தாள் கருகி உதிர்ந்தது. மின்கம்பி நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே, நகக்கண் அளவு எழுத்தில் ‘100 வோல்ட்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அதைப் புதிதாகச் சுற்றிக் கொடுக்க ஆகும் செலவு அவர் ஆம்ப்புக்குக் கொடுத்த விலையை விட அதிகம். அவர் முகம் வாடியது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பழைய ஆம்ப் எதுவானாலும் அந்த எழுத்தை முதலில் படித்த பிறகே விலை பேசுங்கள்.

வாங்கி வந்ததும் ஆம்ப்பைத் தரையில் வைத்து வாசிக்காதீர்கள். 12 அங்குல ஸ்பீக்கரின் உச்சச் சுரங்கள் விளக்கொளிபோல் நேர்கோட்டில் செல்பவை. தரையில் வைத்தால் அவை உங்கள் முழங்காலுக்குப் போய்ச்சேரும், நீங்களோ ஒலி மந்தமாக இருக்கிறதென்று டிரெபிளைக் கூட்டி, எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைக் குத்துவீர்கள். நாற்காலியில் ஏற்றி, சற்றே பின்னால் சாய்த்து வையுங்கள். டிரெபிளைப் பாதிக்குக் கீழே இறக்கி, மிடிலை முக்கால் பங்கு ஏற்றி, கழுத்துப் பக்கப் பிக்கப்பைத் தேர்ந்தெடுத்து, கிட்டாரின் வால்யூமை 7-இல் நிறுத்தி, பெடலின் கெயினை நீங்கள் விரும்பும் அளவை விடக் குறைவாகவே வையுங்கள். பிறகு ஒரே ஒரு சுரத்தை மீட்டி, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: ஐயா, நான் பழைய வால்வு ஆம்ப் ஒன்று வாங்கி ஓராண்டு ஆகிறது. வால்வுகளை ஆண்டுதோறும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?
— வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தேவையில்லை. முன்கட்டத்தில் இருக்கும் சிறிய 12ஏஎக்ஸ்7 வால்வுகள் பல ஆண்டுகள் உழைக்கும்; கிணுகிணுவென்று சத்தம் போட்டாலோ இரைந்தாலோ மட்டும் மாற்றினால் போதும். பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொன்றையும் மெல்லத் தட்டினால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். வெளியீட்டுக் கட்டத்தின் பெரிய வால்வுகளோ வாசிக்கும் நேரத்தைப் பொறுத்துத் தேய்பவை. வாரந்தோறும் மேடையில் வாசிப்பவருக்கு ஓரிரண்டு ஆண்டுகளில் சத்தம் தளர்ந்து, தாழ்ந்த சுரங்கள் உறுதி இழக்கும்; அப்போது அவற்றை இணையாகவே மாற்றி, பயஸ் (வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவை நிர்ணயிக்கும் அமைப்பு) சரிசெய்ய வேண்டிய ஆம்ப்பானால் அதைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் மட்டும் வாசிப்பவராக இருந்தால், உங்கள் வால்வுகளுக்கு இன்னும் வெகுகாலம் இருக்கிறது.