பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தால் மட்டும் வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ்ஸின் லிசனிங்கில் (கேட்டல் தேர்வில்) நல்ல மதிப்பெண் வருமா?

வரும். ஆனால் விடையைச் சரிபார்த்து, மதிப்பெண்ணைக் கூட்டிவிட்டு அடுத்த தாளுக்குத் தாவினால் வராது. எத்தனை தாள் முடித்தாலும் அதே இடத்தில் நிற்பதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படித்தான் தாவிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் போன பயிற்சி வகுப்பில் தினம் ஒரு தாள். 40 கேள்வியில் எத்தனை சரி என்று பலகையில் பெயரோடு எழுதிப் போடுவார்கள். தப்பு ஏன் வந்தது என்று ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை. கேம்பிரிட்ஜ் பழைய தாள் புத்தகங்களின் பின்பக்கத்தில் ஒலிப்பதிவு முழுக்க எழுத்தில் இருக்கும். அதை வீட்டில் நானாகத்தான் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். அப்போதுதான் பொறி எங்கே வைக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒலிப்பதிவில், வகுப்பு செவ்வாய்க்கிழமைதானே என்று ஒருவர் கேட்பார்; முன்பு அப்படித்தான், இந்த மாதம் வியாழனுக்கு மாற்றிவிட்டோம் என்பார் மற்றவர். செவ்வாய் காதில் விழுந்ததுமே கை எழுதத் தொடங்கும், அந்த நொடியில் வியாழன் கடந்துவிடும். விடை இருக்கும் வரி, நம்மை இழுத்துவிடும் வரி, இரண்டையும் கோடிட்டேன். அப்புறம் எழுத்தை மூடிவிட்டு, ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்கும் வரை அதே தாளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். தேர்வில் மூன்றாம் பகுதி ஒலிப்பதிவில் ஒரு மாணவர் யோசனை சொன்னதும், இன்னொருவர் மறுப்பார் என்று எழுதாமல் காத்திருந்தேன். மறுத்தார்.

ஆங்கில வழியில் படித்திருப்பாய், அதனால் முடிந்தது என்று சிலர் சொல்ல வருவார்கள். பள்ளிப் படிப்பு முழுக்க எனக்குத் தமிழ் வழிதான். நேரம் வைத்துத் தாள் போடவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தேர்வில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும், அதற்குப் பழக வேண்டும். காகிதத்தில் எழுதினால் விடைகளை எடுத்தெழுத 10 நிமிடம் தருவார்கள், கணினியில் சரிபார்க்க 2 நிமிடம்தான். எழுத்துப்பிழை இருந்தால் அந்த விடைக்கு மதிப்பெண் இல்லை. இதற்கேற்ப வீட்டிலும் பழகுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. இவ்வளவு பாடுபட்டு வாங்கும் சான்று பொதுவாக 2 ஆண்டுதான் செல்லும். விசா தள்ளிப்போனவர்கள் மறுபடி முழுக் கட்டணம் கட்டி, கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு தேர்வையும் எழுத வேண்டியிருக்கிறது. அந்த 2 ஆண்டும் ஆங்கிலத்திலேயே வேலை பார்த்தவரிடமும் இதையே கேட்பது எந்த விதத்தில் நியாயம்?