சல்லடைக் கோஷமும் சனிக்கிழமைக் கணக்கும்

போன இதழில் அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி பற்றி நாலே நாலு வரி எழுதினேன். அதற்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் வந்துவிட்டது. பாதிக் கடிதங்கள் ஒரே ஓர் ஆட்டத்தைப் பற்றியவை. அந்த ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். இரண்டு கல்லூரிகளின் பெயரையும் எடுத்துவிட்டேன். திட்டியவர்களும் திட்டு வாங்கியவர்களும் தங்களைத் தாங்களே அடையாளம் கண்டுகொள்ளட்டும்.

கேள்வி: மகன் முதலாம் ஆண்டு படிக்கிறான். ஆசையாகக் கூப்பிடுகிறானே என்று நானும் மனைவியும் போனோம். இரண்டாவது பீரியடில் (ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் நடுவில் வருவது) ஆறேழு பையன்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். நடுவர்களோ வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். இது படிக்கிற இடமா, சண்டைக்களமா?
– பாஸ்டன் பக்கத்து நியூட்டன் ஊரிலிருந்து ஒரு தகப்பனார்

பதில்: சார், அவர்கள் வேடிக்கை பார்க்கவில்லை, கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் கையுறையைக் கழற்றினான், சம்பந்தமே இல்லாமல் மூன்றாவதாக யார் உள்ளே புகுந்தான் என்று மனதில் குறித்துக்கொள்வது ரெஃப்ரிகளின் வேலை. பிரித்துவிடுவது லைன்ஸ்மேன்களின் வேலை. காலில் பிளேடு கட்டிய இருவர் மல்லுக்கு நிற்கும்போது நடுவில் நுழைந்தால் நுழைந்தவரும் சேர்ந்து விழவேண்டியதுதான். அதனால் இருவருக்கும் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்து, அப்புறம் இரண்டு பக்கமிருந்தும் ஒன்றாகப் பாய்வார்கள்.

நீங்கள் பார்த்த அந்த உருளலில் உருப்படியாக ஒரு குத்துகூட விழவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கழுத்தருகே ஜெர்சியைப் பிடித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றியதோடு சரி. அதற்குக் காரணம் இருக்கிறது. தொழில்முறை என்.எச்.எல். ஆட்டத்தில் சண்டை போட்டவன் 5 நிமிடம் பெனால்டி பாக்ஸில் (தண்டனை பெற்றவர் உட்காரும் கூண்டில்) உட்கார்ந்துவிட்டு மறுபடி ஆட வரலாம். கல்லூரியில் அந்தப் பேச்சே கிடையாது. 5 நிமிட மேஜர் (பெரிய தண்டனை), கூடவே டிஸ்குவாலிஃபிகேஷன் (தகுதிநீக்கம்). அந்த ஆட்டம் போச்சு, அடுத்த ஆட்டமும் போச்சு. அதே சீசனில் மறுபடி மாட்டினால் இரண்டு ஆட்டம் உட்கார வேண்டும். சீசனுக்கு முப்பத்துச் சொச்சம் ஆட்டம்தான் என்றிருக்கும்போது அது பெரிய நஷ்டம். போதாததற்கு முகத்துக்குக் கம்பிவலை கட்டாயம். ஓங்கிக் குத்தினால் குத்தியவன் விரல்தான் வீங்கும்.

இன்னொன்று: கல்லூரி ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி, சனி என்று ஜோடியாக வரும். வெள்ளிக்கிழமை முழங்கையால் வாங்கியவன் அதை மறக்காமல் தூங்கி எழுந்து சனிக்கிழமை வருவான். நீங்கள் போனது சனிக்கிழமை. முந்தின நாள் கணக்கு உங்கள் கண்முன்னே தீர்ந்தது, அவ்வளவுதான். அடுத்த தடவை வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள். முதல் இரண்டு பீரியடும் சாதுவாக ஆடுவார்கள்.

கேள்வி: மேற்படி தகப்பனாரின் மனைவி நான்தான். சண்டைகூடப் பரவாயில்லை. பின்னால் இருந்த மாணவர்கள் ஒவ்வொரு கோலுக்கும் கையை நீட்டி நீட்டி ஏதோ கத்தினார்கள். மகனைக் கேட்டால் சிரிக்கிறான். கெட்ட வார்த்தையா?

பதில்: அது கெட்ட வார்த்தை இல்லை. "சல்லடை! சல்லடை!" என்கிறார்கள். எதிரணி கோல்கீப்பர் எதைப் போட்டாலும் ஒழுகவிடுகிறான் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த கேலிகளிலேயே சமையலறை வாசனையோடு இருப்பது இதுதான். (அதற்கடுத்து வந்தது கெட்ட வார்த்தைதான். அதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை.)

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆட்டத்தில் என் பக்கத்தில் ஒரு நடுவயது அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் மடித்து வைத்த கோட்டு, கையில் ஆறிப்போன காபி. மூன்றாவது கோல் விழுந்ததும் மொத்த மாணவர் பகுதியும் எழுந்து நின்று சல்லடைப் பாட்டுப் பாடியது. இந்த அம்மாளின் உதடும் அதே தாளத்துக்கு மெல்ல அசைந்தது. "நீங்களும் இந்தக் கட்சியா?" என்றேன். "இல்லை, அங்கே நிற்கிற சல்லடையின் அம்மா" என்றார். மகனுக்கு எட்டு வயதானதிலிருந்து கேட்கிறாராம். இந்த ஊர்க்காரர்கள் மற்றவர்களைவிட ஸ்ருதி சுத்தமாகப் பாடுகிறார்கள் என்று சான்றிதழ் வேறு கொடுத்தார்.

உங்கள் மகனின் கல்லூரி சாதுதான் என்று தெரிய வேண்டுமானால் நியூயார்க் மாநிலத்தின் இதாகாவில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லைனா ரிங்குக்கு (ஐஸ் அரங்கத்துக்கு) ஒரு முறை போய்வாருங்கள். எதிரணியை அறிமுகம் செய்யும்போது அங்கே எல்லோரும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு படிப்பார்கள். ஹார்வர்டு வந்தால் ஐஸ் மீது மீன் வீசுவார்கள். 1970-களில் ஹார்வர்டு ஆட்கள், கார்னெலில் விவசாயக் கல்லூரி இருப்பதைக் குத்திக்காட்டி, கோழியைக் கொண்டுவந்து கலாட்டா செய்திருக்கிறார்கள். அதற்குப் பதிலடியாகத் தொடங்கியது மீன். கோழிக்கு மீன் எந்த விதத்தில் பதில் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: பாஸ்டன் யுனிவர்சிட்டியா, பாஸ்டன் காலேஜா? மழுப்பாமல் சொல்லுங்கள். நீங்கள் எந்தப் பக்கம்?
– கிரீன் லைன் பி ரயிலில் தினமும் இரண்டையும் கடந்து போகும் ஒருவர்

பதில்: வீட்டுக்காரருக்கு யுனிவர்சிட்டியின் சிவப்பு ஸ்வெட்டர், மகளுக்குக் காலேஜின் மெரூன். துவைக்கிறவள் நான். இரண்டுமே சாயம் போகிறது.

கேள்வி: உங்களுக்கு ஐஸ் ஹாக்கி தெரியும் என்பதால் கேட்கிறேன். எங்கள் பையன் தோளால் சுத்தமாகத்தான் இடித்தான். கை ஓங்கவில்லை, ஸ்டிக்கைத் தூக்கவில்லை. அவனுக்கு மேஜர் கொடுத்து வெளியேற்றிவிட்டார்கள். அந்த 5 நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். கட்டிப் புரண்டவர்களுக்கோ ஆளுக்கு 2 நிமிடம்! அந்த ரெஃப்ரிக்குக் கண் இருக்கிறதா, இல்லையா?
– மூன்றாம் ஆண்டு மாணவன், ஒரு ஆட்டம்கூடத் தவறவிடாதவன்

பதில்: தம்பி, நான் எட்டாவது வரிசையில், அந்த மூலைக்கு நேர் எதிரே இருந்தேன். உங்கள் பையன் இடிக்கக் கிளம்பியபோது மற்றவன் முதுகில் இருந்த எண்ணை அங்கிருந்தே படித்தேன். உங்கள் பையனும் படித்திருப்பான். எண் தெரிகிறது என்றால் எதிரே இருப்பது முதுகு. முதுகு தெரிந்தால் இடிக்கக்கூடாது. தோளால் இடித்தாலும் சரி, தலையணையால் இடித்தாலும் சரி.

அவன் பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை) எடுக்கக் குனிந்திருந்தான். ஐஸைச் சுற்றி நிற்கும் பலகைச் சுவருக்கும் அவனுக்கும் மூன்று நாலு அடி இடைவெளி. அந்த இடைவெளிதான் ஆபத்து. பலகையோடு ஒட்டி நிற்பவனை இடித்தால் அடி உடம்பு முழுக்கப் பரவும். சத்தம்தான் பெரிதாக இருக்கும், சேதம் குறைவு. நாலடி தள்ளிக் குனிந்து நிற்பவனைப் பின்னாலிருந்து தள்ளினால் முதலில் போய் முட்டுவது தலை. அன்றைக்குக் கண்ணாடியில் அவன் மூச்சுப் பட்டு ஒரு சின்ன வட்டம் ஆவி படிந்தது. அது கரைந்து மறையும்வரை அவன் அசையவில்லை. அப்புறம் எழுந்துவிட்டான், நல்லவேளை. அதற்குள் உங்கள் பகுதியில் "நல்லாக் குடுத்தான்!" என்று கைதட்டல். கைகலப்பைப் பார்த்து "ஐயோ" என்று வாயைப் பொத்திய அதே பெரியவர்கள்கூட இதற்குச் சிரித்தார்கள். என் ஆற்றாமை அதுதான். எது ஆபத்து என்று பார்ப்பவர்களுக்கே தெரியவில்லை.

1995 அக்டோபர் 20 பற்றி உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? அது நீங்கள் பிறப்பதற்கு முந்தைய கதை. பாஸ்டன் யுனிவர்சிட்டி, முந்தின சீசனில் வென்ற தேசியப் பட்டத்தின் கொடியை ஏற்றிவிட்டு நார்த் டகோட்டாவோடு ஆடிய இரவு. டிராவிஸ் ராய் என்ற 20 வயது பையனுக்கு அதுதான் முதல் கல்லூரி ஆட்டம். ஐஸில் இறங்கி 11 விநாடி. எதிராளியை இடிக்கப் போனார், குறி தப்பியது, தலை பலகையில் போய் மோதியது. கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோனது. சக்கர நாற்காலியில் வந்து படிப்பை முடித்தார், முதுகுத்தண்டு காயம்பட்டவர்களுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார், 2020-இல் இறந்தார். அந்த மோதலில் யார் மீதும் தப்பில்லை. ரெஃப்ரி விசில் ஊத வேண்டிய குற்றமே இல்லை. யாருமே தப்பு செய்யாமல் இப்படி ஆகக்கூடிய இடம் அந்தப் பலகை. அங்கே ஒருவனைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு 5 நிமிடமும் வெளியேற்றமும் அதிகம் என்கிறீர்களா?

இரண்டு கோல் விழுந்ததற்கும் விதிதான் காரணம். சாதாரண 2 நிமிட மைனர் என்றால் ஒரு கோல் விழுந்ததும் உங்கள் ஆள் திரும்பி வந்திருப்பான். மேஜர் அப்படியில்லை. எத்தனை கோல் விழுந்தாலும் 5 நிமிடமும் ஆள் குறைவாகத்தான் ஆட வேண்டும். கட்டிப் புரண்டவர்களுக்கு 2 நிமிடம் கொடுத்தது ஏன் என்று மேலே நியூட்டன்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்: குத்து விழவில்லை, அதனால் அது சண்டைக் கணக்கில் சேரவில்லை. ரெஃப்ரிக்குக் கண் இருக்கிறது.

கேள்வி: எதிரெதிர்க் கல்லூரியில் இப்படி முட்டிக்கொள்ளும் பையன்கள் பின்னாளில் ஒரே அணியில் ஆட நேர்ந்தால் என்ன செய்வார்கள்?
– வூஸ்டர் வாசகி

பதில்: முதல் வாரம் முறைத்துக்கொள்வார்கள். இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1976-இல் டென்வரில் தேசிய அரையிறுதி. மின்னசோட்டாவும் பாஸ்டன் யுனிவர்சிட்டியும் மோதின. ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு பெஞ்சும் காலியாகி எல்லோரும் ஐஸில் இறங்கிவிட்டார்கள். மின்னசோட்டா 4-2 என்று ஜெயித்து, அப்புறம் பட்டத்தையும் தட்டிச் சென்றது. அவர்களுடைய பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ். அன்றைக்கு பாஸ்டன் பக்கம் ஆடியவர்களில் மைக் எருசியோனியும் ஜாக் ஓகாலஹனும் உண்டு.

நாலு வருடம் கழித்து அதே புரூக்ஸ்தான் அமெரிக்க ஒலிம்பிக் அணியின் பயிற்சியாளர். அணியில் இருந்த 20 பேரில் மின்னசோட்டாக்காரர்கள் ஏராளம், பாஸ்டன் யுனிவர்சிட்டி ஆட்கள் 4 பேர். கேப்டன் யார் தெரியுமா? எருசியோனி! 1980 பிப்ரவரி 22, லேக் பிளாசிட். சோவியத் அணியுடன் 3-3 என்று இருந்தபோது, ஆட்டம் முடிய 10 நிமிடம் மிச்சமிருக்கையில், வெற்றி கோலைப் போட்டவரும் அவர்தான். கோல்கீப்பர் ஜிம் கிரெய்கும் பாஸ்டன் யுனிவர்சிட்டி ஆள். மின்னசோட்டா மாணவர்கள் என்றைக்காவது அவரை "சல்லடை" என்று கத்தியிருந்தால், அன்றைக்கு வாபஸ் வாங்கியிருப்பார்கள்.

கேள்வி: பீன்பாட் போட்டிக்குக் கூட்டம் தாங்காதாமே? பனி கொட்டும் பிப்ரவரியில் இது தேவையா?
– கடுங்குளிர் ஆகாத ஒருவர்

பதில்: பாஸ்டனின் நாலு கல்லூரிகள் பிப்ரவரியின் முதல் இரண்டு திங்கட்கிழமைகளில் மோதும் போட்டி அது. 1952-இல் தொடங்கியது. பனியைப் பற்றிக் கேட்கிறீர்கள். 1978 பிப்ரவரி 6 அன்று பெரும் பனிப்புயல் வருகிறது, சீக்கிரம் கிளம்புங்கள் என்றார்கள். ஆட்டம் சூடாக இருந்ததால் நிறையப் பேர் நகரவில்லை. கடைசியில் வெளியே போக வழியில்லாமல் பாஸ்டன் கார்டன் அரங்கத்திலேயே படுத்துத் தூங்கினார்கள், ஹாட் டாக் தின்று பசியாறினார்கள். அந்த வருட இறுதியாட்டம் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. நீங்கள் வீட்டில் டிவியில் பார்ப்பதே உத்தமம்.

கேள்வி: இடைவேளையில் ஐஸைத் துடைக்க ஒரு பெரிய வண்டி வருகிறதே, அதை ஓட்ட எவ்வளவு படிக்க வேண்டும்? எனக்கு ஒன்பது வயது.

பதில்: கண்ணா, அதன் பெயர் ஸாம்போனி. ஃபிராங்க் ஸாம்போனி என்பவர் 1949-இல் செய்த வண்டி. அதுவும் பனியே விழாத தெற்கு கலிஃபோர்னியாவில்! கீறல் விழுந்த ஐஸை மெல்லிசாகச் சீவி எடுத்து, கழுவி, மேலே வெந்நீர் விட்டுக்கொண்டே போகும். அது உறைந்ததும் தரை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். எவ்வளவு படிக்க வேண்டும் என்பதைக் கேட்டுச் சொல்கிறேன். ஆனால் வரிசையில் எனக்குப் பின்னால்தான் நீ நிற்க வேண்டும்.