கடல் கடந்த அயற்பணி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தூத்துக்குடி வாசகர்: ஐயா, நான் அரசுத் துறை ஒன்றில் பொறியாளர். மூன்றாண்டு அயற்பணியில் ஒரு வாரியத்துக்குச் சென்று திரும்பியவன். ஒரு நாடு தன் கடற்படைப் பொறியாளரையே வேறொரு நாட்டு அரசின் பணிக்கு அனுப்பியதுண்டு என்று படித்தேன். அப்படிச் செல்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

பதில்: உங்கள் அனுபவத்திலிருந்தே பதிலுக்கு வழி கிடைக்கும். தாய்த்துறையில் உங்கள் பணி தொடர்ந்தது. ஆனால் அன்றாடம் கோப்பில் கையெழுத்திட்டது வாரியத்துக்காக. நாடு விட்டு நாடு செல்லும் அயற்பணியும் அடிப்படையில் இதுதான். ஆனால் இங்கே தாய்த்துறைக்கும் பணியிடத்துக்கும் இடையில் இரண்டு அரசுகளின் நலன்கள் நிற்கின்றன.

நான் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். பிரான்சின் நான்சி நகரில் 1840-ஆம் ஆண்டு பிறந்த லூயி எமில் பெர்த்தின், பிரெஞ்சுக் கடற்படையின் கப்பல் கட்டும் பொறியாளர் பிரிவைச் சேர்ந்தவர். ஜப்பானிய அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் பிரெஞ்சு அரசு அவரை அனுப்ப இசைந்தது. 1886 தொடக்கத்தில் ஜப்பான் சென்று, 1890 வரை அங்கே இருந்தார். ஊதியம் ஜப்பான் கொடுத்தது. கடற்படை அமைச்சராக இருந்த சைகோ ட்சுகுமிச்சியின் அமைச்சகத்துக்கு அவர் ஆலோசகர். கப்பல்களின் வடிவமைப்பு, தளங்களின் அமைப்பு ஆகியவற்றில் அவர் கருத்துக்கு எடை இருந்தது. ஆனால் எந்தக் கப்பலை வாங்குவது, எவ்வளவு செலவிடுவது என்ற முடிவு ஜப்பானிய அமைச்சரிடமும் அரசிடமும்தான் இருந்தது. 1868-இல் ஜப்பானில் ஆட்சிக்கு வந்த மெய்ஜி அரசு இவ்வாறு அமர்த்திய அயல்நாட்டு வல்லுநர்களை 'ஓயாதோய்' என்றே அழைத்தார்கள். கூலிக்கு அமர்த்தப்பட்டவர் என்பது அதன் பொருள். மரியாதையோடு சொல்லப்பட்ட சொல்தான் என்றாலும், எசமானர் யார் என்பதை அது மறைக்கவில்லை. அந்தத் தெளிவு ஜப்பானுக்கும் நல்லது செய்தது, பெர்த்தினுக்கும் நல்லது செய்தது என்பது என் கருத்து.

காரைக்கால் வாசகர்: தன் கடற்படையின் திறமையான பொறியாளரை இன்னொரு நாட்டுக்குக் கொடுப்பதால் பிரான்சுக்கு என்ன லாபம்? தொழில் ரகசியம் வெளியே போய்விடாதா?

பதில்: லாபத்தை எதிர்பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஜப்பானின் முதல் நவீனக் கப்பல் கட்டும் தளமான யோகோசுகாவை 1865 முதல் உருவாக்கியவர் லியோன்ஸ் வெர்னி என்ற பிரெஞ்சுப் பொறியாளர். ஷோகுன் எனப்பட்ட படைத்தலைவரின் ஆட்சி அவரை அமர்த்தியது; 1868-இல் அந்த ஆட்சி கவிழ்ந்த பிறகும் புதிய அரசு அவரை விடவில்லை. 1876 வரை அவர் அங்கே இருந்தார். ஆனால் இதற்கிடையே, 1873-இல் ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் தலைமையில் வந்த பிரிட்டிஷ் குழு ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. தரைப்படையிலோ, பிரெஞ்சுக்காரர்களின் இடத்துக்கு 1885-இல் மெக்கல் என்ற ஜெர்மன் அதிகாரி வந்துவிட்டார். கை நழுவிப்போன செல்வாக்கை மீட்க பிரான்சுக்குக் கிடைத்த வாய்ப்பு பெர்த்தின்.

வாய்ப்பு ஓரளவு பலித்தது. அவர் வடிவமைத்த மூன்று முக்கியக் கப்பல்களில் மட்சுஷிமா, இட்சுகுஷிமா ஆகிய இரண்டும் தூலோன் அருகே லா சேன் தளத்தில் கட்டப்பட்டன. ஆனால் ஆலோசகர் நம்மவர் என்பதற்காக எல்லாக் கொள்முதலும் நமக்கே வரும் என்று பாரிசில் யாராவது நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். பிரான்சின் லெ ஆவ்ர் துறையில் கட்டப்பட்ட உனெபி என்ற ஜப்பானியப் போர்க்கப்பல், 1886 டிசம்பரில் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்ட பின், அதில் இருந்த அத்தனை பேரோடும் காணாமற்போனது. காப்பீட்டுத் தொகையைக் கொண்டு அதற்கு ஈடாக சியோடா என்ற கப்பலைக் கட்டும் வேலையை ஜப்பான் பிரிட்டனின் கிளைட்பேங்க் தளத்திடம் ஒப்படைத்தது. அப்போது பெர்த்தின் ஜப்பானில்தான் ஆலோசகராக இருந்தார்.

ரகசியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீர்மட்டத்தை ஒட்டிய பகுதியைச் சிறுசிறு அறைகளாகத் தடுத்துவிட்டால், குண்டு துளைத்தாலும் நீர் ஓர் அறையோடு நின்றுவிடும் என்று பெர்த்தின் 1870-களிலிருந்தே வாதாடிவந்தார். ஒரு வல்லுநரோடு சேர்ந்து கடல் கடப்பது பெரும்பாலும் இத்தகைய சிந்தனைதான். பூட்டி வைத்த வரைபடம் அன்று. கணக்கிடும் முறை, தவறு எங்கே நேரும் என்ற முன்னுணர்வு, எதை ஏன் கைவிட்டோம் என்ற நினைவு ஆகியவற்றைத் தாய்நாடு பூட்டி வைக்கவும் முடியாது, ஒருவருக்குக் கொடுத்துவிட்டதால் அவற்றை இழப்பதும் இல்லை.

சென்னை கல்லூரி மாணவி: பெர்த்தின் வடிவமைத்த கப்பல்கள் 1894 சீன-ஜப்பான் போரில் சரியாகச் செயல்படவில்லை என்கிறார்கள். அப்படியானால் அவரை அழைத்தது வீண்தானே?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன்; சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், ஜப்பான் அவரிடம் கேட்டது என்ன என்று பார்க்க வேண்டும். சீனாவிடம் திங்யுவான், ஜென்யுவான் என்ற இரண்டு கவசக் கப்பல்கள் இருந்தன. ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில் கட்டப்பட்டவை, ஒவ்வொன்றும் 7,000 டன்னுக்கு மேல், ஒவ்வொன்றிலும் 305 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கு. 1886 ஆகஸ்டில் அவை நாகசாகிக்கு வந்தபோது, கரையிறங்கிய மாலுமிகளுக்கும் உள்ளூர்க் காவலர்களுக்கும் மோதல் மூண்டு இரு தரப்பிலும் உயிர்கள் போயின. துறைமுகத்தில் நின்ற அந்தக் கப்பல்களுக்கு எதிராக நிறுத்த ஜப்பானிடம் ஒன்றுமில்லை. அவற்றுக்கு இணையாகக் கட்டப் பணமும் இல்லை. ஆகவே 4,200 டன் அளவிலான சிறிய கப்பலில், சீனக் கப்பலின் கவசத்தைத் துளைக்கக்கூடிய ஒரே ஒரு பெரிய பீரங்கியை ஏற்றுவது என்ற தீர்வு உருவானது. கானே வகையைச் சேர்ந்த அந்த 320 மில்லிமீட்டர் பீரங்கியின் எடை மட்டுமே 60 டன்னைத் தாண்டும்.

அதைக் கப்பல் மேல்தளத்தில் நின்று கற்பனை செய்து பாருங்கள். நேர் முன்னே நீட்டியிருக்கும்வரை கப்பல் நிமிர்ந்து நிற்கிறது. பக்கவாட்டில் இலக்கு தென்படுகிறது என்று குழலைத் திருப்பத் தொடங்கினால், அந்த எடை மெல்ல மெல்ல ஒரு பக்கம் நகர, தளம் முழுவதும் அந்தப் பக்கம் சாய்கிறது. சாய்ந்த தளத்தில் குறி பார்ப்பது எப்படி? சுட்ட பின் அடுத்த குண்டை ஏற்றுவதற்குள் எதிரி எங்கோ போயிருப்பான். 1894 செப்டம்பர் 17 அன்று யாலு ஆற்று முகத்துவாரக் கடலில் நடந்த போரில், மூன்று கப்பல்களிலும் ஒவ்வொன்றாக இருந்த இந்தப் பெரும் பீரங்கிகளில் எதுவும் ஐந்து முறைக்கு மேல் சுடவில்லை. போரின் போக்கை மாற்றியவை வேகமாகச் சுடக்கூடிய 120, 150 மில்லிமீட்டர் பீரங்கிகள். தளபதி இதோ சுகேயுகி இருந்த மட்சுஷிமாவிலோ, ஜென்யுவானின் குண்டு ஒன்று விழுந்து, சுடுவதற்காகத் தளத்தில் எடுத்து வைத்திருந்த வெடிமருந்தைப் பற்ற வைத்தது. இறந்தவர்களும் காயமுற்றவர்களுமாக அந்த ஒரு கப்பலில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர். தளபதி தன் கொடியை, அதாவது தலைமையை, மூன்றாவது கப்பலான ஹாஷிதாதேக்கு மாற்ற நேர்ந்தது.

இதை மூடி மறைத்து அவரைப் பாராட்ட நான் விரும்பவில்லை. விருந்தாளி வல்லுநருக்குரிய குறை இது என்றே நினைக்கிறேன். எசமானர் ஓர் அச்சத்தோடு வந்து, "இந்தக் கப்பலைத் துளைக்க வேண்டும்" என்கிறார். வல்லுநர் தன் திறமை முழுவதையும் அந்த ஒரு வேலையில் கொட்டுகிறார். துளைக்காமலே அந்தக் கப்பலைச் செயலிழக்கச் செய்ய வேறு வழி இல்லையா என்று திருப்பிக் கேட்பது, சொந்த நாட்டில் எளிது. அயல்நாட்டில், நான்காண்டு ஒப்பந்தத்தில், கடினம்.

ஆனால் மாணவியே, அவருடைய நான்காண்டுகளை இந்த ஒரு பீரங்கியால் அளக்காதீர்கள். குரே, சசெபோ ஆகிய இரண்டு பெரும் கடற்படைத் தளங்களின் அமைப்பில் அவருக்குப் பங்குண்டு; ஜப்பானியக் கடற்படை நிற்கவும் பழுது பார்க்கவும் அவை அரைநூற்றாண்டுக்கு மேல் இடம் கொடுத்தன. அதைவிட முக்கியமாக நான் கருதுவது, மூன்று கப்பல்களில் மூன்றாவதான ஹாஷிதாதேயை. மற்ற இரண்டையும் போல அதையும் லா சேனில் கட்டியிருந்தால் வேலை விரைவாக முடிந்திருக்கும். யோகோசுகாவில், ஜப்பானியத் தொழிலாளர் கைகளாலேயே கட்டினார்கள். 1888-இல் தொடங்கி, 1891-இல் நீரில் இறக்கி, 1894-இல்தான் முடித்தார்கள். ஆறாண்டுகள் என்பது அந்த அளவுக் கப்பலுக்கு அதிகம்தான். அந்த ஆறாண்டுகளைத் தாமதம் என்று கணக்கில் எழுதுவதா, பயிற்சிக் காலம் என்று எழுதுவதா என்பதில் எனக்கு ஐயமே இல்லை. வெர்னி காலத்தில் தளத்தோடு சேர்த்துத் தொடங்கிய தொழிற்பள்ளியில் படித்துத் தேறியவர்கள் இல்லாவிட்டால் அந்த வேலையைத் தொட்டிருக்கவே முடியாது.

அதே தளத்தில் அடுத்துக் கட்டிய அகிட்சுஷிமாவுக்குப் பெர்த்தினின் வடிவம் பின்பற்றப்படவில்லை. சாசோ சாச்சூ என்ற ஜப்பானியப் பொறியாளர் அதை வடிவமைத்தார். ஒற்றைப் பெரும் பீரங்கியைக் கைவிட்டு, வேகமாகச் சுடும் பீரங்கிகளை வரிசையாக வைத்தார். பெர்த்தின் ஏற்றிய பீரங்கியை வேண்டாம் என்று ஒதுக்குமளவுக்கு அங்கே ஒருவர் வளர்ந்திருந்தார். யாலு போரில் அகிட்சுஷிமா வேகமான முன்னணிப் பிரிவிலும், ஹாஷிதாதே முதன்மைப் பிரிவிலும் சென்றன.

அதே மாணவி: திரும்பிச் சென்ற பிறகு பெர்த்தின் என்ன ஆனார்?

பதில்: தன் பழைய பிரிவுக்கே திரும்பி, 1895 முதல் பிரெஞ்சுக் கடற்படையின் கப்பல் கட்டும் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். அயற்பணிக் காலம் அவர் முன்னேற்றத்துக்குத் தடையாகவில்லை. 1924-இல் காலமானார். பிரெஞ்சுக் கடற்படை 1930-களில் ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டியது. யோகோசுகாவில் வெர்னி காலத்தில் கட்டி 1871-இல் திறந்த கல் உலர்துறை (நீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுது பார்க்கும் தொட்டி) இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. ஜப்பான் செல்லும் வாய்ப்பு அமைந்தால் அந்தத் துறைமுகத்தைச் சென்று பாருங்கள்.