ஐ.ஆர்.ஏ. கணக்கை எந்த வயதில் தொடங்குவது?

"அமெரிக்காவில் வேலை, வயது 27. கம்பெனியில் 401கே இருக்கிறது. அதற்கு மேல் ஐ.ஆர்.ஏ. வேண்டுமா? 40 தாண்டியவர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டும். 401கே கம்பெனி வழியாக வரும் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம்; ஐ.ஆர்.ஏ. நாமே நம் பெயரில் திறக்கும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு. நூறு டாலரோடு ஆரம்பித்தாலும் சரி, இந்த மாதமே ஆரம்பியுங்கள். எனக்கு இப்போது 52. நியூ ஜெர்சிக்கு 2002-ல் வந்தவன், முதல் ஐ.ஆர்.ஏ. கணக்கைத் திறந்தது 2010-ல். எப்படியும் ஊருக்குத் திரும்பிவிடுவோம், இங்கே எதற்கு ஓய்வுக்காலக் கணக்கு என்று எட்டு வருடம் தள்ளிப்போட்டேன்.

அந்தத் தாமதத்தின் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐ.ஆர்.ஏ.வில் 2025-க்குப் போடக்கூடிய உச்சவரம்பு 7,000 டாலர். 27 வயதில் ஒரே ஒருமுறை அதைப் போட்டு, ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், 67 வயதில் சுமார் 72,000 டாலர். அதே தொகையை 47 வயதில் போட்டால் 22,000 சொச்சம்தான்.

ஐ.ஆர்.ஏ.வில் முக்கியமாக இரண்டு வகை: போடும்போது வரிக்கழிவு பெற்று, எடுக்கும்போது வரி கட்டுவது டிரடிஷனல்; வரி கட்டிய பணத்தைப் போடுவது ரோத். உங்கள் வயதுக்கு நான் ரோத் கணக்கைத்தான் சொல்வேன். சம்பளம் இன்னும் ஏறப்போகிறது, வரி விகிதம் இப்போதுதான் குறைவு. இன்று வரி கட்டிய பணத்தைப் போடுகிறீர்கள். கணக்கு ஐந்து வருடம் ஓடி, உங்களுக்கு 59½ வயதும் ஆனபின் எடுத்தால், வளர்ந்த தொகைக்கும் வரி இல்லை. விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆறுதல்: ரோத்தில் நீங்கள் கட்டிய அசலை எப்போது வேண்டுமானாலும் வரியோ அபராதமோ இல்லாமல் எடுக்கலாம். வளர்ச்சியை முன்கூட்டியே எடுத்தால்தான் பொதுவாக வரியும் 10 சதவீத அபராதமும் வரும். இது தெரிந்திருந்தால் அந்த எட்டு வருடத்தை நான் விட்டிருக்க மாட்டேன்.

அப்புறம், நான் செய்த பெரிய தவறு. 2010-லிருந்து மூன்று வருடம் 5,000, 2013-ல் 5,500 என்று ஒழுங்காகக் கட்டினேன். 2014 ஜனவரியில் வரி வேலைக்காகக் கணக்கைத் திறந்தபோது இருப்பு 20,500 டாலரும் சில்லறையும். கட்டிய தொகை அப்படியே நின்றது. அதற்கு நேரே 'கேஷ்', அதாவது முதலீடு செய்யாத ரொக்கம், என்று ஒரே ஒரு சொல். கணக்கில் பணம் போடுவது ஒரு வேலை, அந்தப் பணத்தில் ஃபண்டு வாங்குவது இன்னொரு வேலை என்று எனக்குத் தெரியவில்லை. 2013-ல் மட்டும் எஸ்&பி 500 பங்குக் குறியீடு கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏறியிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்கு வைத்திருக்கிற எல்லோரும் இன்றே உள்ளே போய், பணம் எதில் இருக்கிறது என்று பாருங்கள்.

40-களில் சிக்கல் வேறு. கம்பெனியில் ஓய்வுத் திட்டம் இருக்கும் தம்பதிக்கு, 2025-ல் கூட்டு வருமானம் 1,46,000 டாலரைத் தொட்டால் டிரடிஷனல் ஐ.ஆர்.ஏ.வுக்கு வரிக்கழிவு இல்லாமல் போனது. ரோத்துக்கு நேரடியாகப் பணம் போடும் வழி அந்த ஆண்டில் 2,46,000-ல் அடைபட்டது. அதற்கு மேல் போனவர்கள் டிரடிஷனலில் போட்டு ரோத்துக்கு மாற்றுகிறார்கள். இதைத்தான் பேக்டோர் ரோத் என்பார்கள். வேலை மாறும்போது பழைய 401கே-யை டிரடிஷனல் ஐ.ஆர்.ஏ.வுக்குக் கொண்டுவந்தவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். மாற்றும்போது அந்தப் பழைய பணத்தையும் சேர்த்து விகிதம் பார்த்துத்தான் வரி போடுவார்கள். வருமானவரிக் கணக்கோடு, வரிக்கழிவு பெறாமல் போட்ட பணத்தைக் காட்டும் 8606 படிவத்தை இணைக்கவும் மறக்காதீர்கள்.

என் மனைவி, வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் எச்4 விசாவில் பல வருடம் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தாள். ஒரு சேமிப்புகூட அவள் பெயரில் இல்லை. கூட்டாக வரி தாக்கல் செய்தால், சம்பளம் இல்லாத துணைக்கும் சம்பாதிப்பவரின் வருமானத்தை வைத்து ஐ.ஆர்.ஏ. போடலாம் என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அந்தக் கணக்கு முழுக்க அவளுடையது. உங்களுக்குக் கல்யாணம் ஆகி, மனைவிக்கு வேலை அனுமதி இல்லையென்றால் இதை முதல் வருடமே செய்யுங்கள்.

50 ஆன வருடத்திலிருந்து கூடுதலாகப் போடலாம். 2025-ல் அது 1,000 டாலர், மொத்தம் 8,000. நான் போடுகிறேன். டிரடிஷனலில் இருக்கும் பணத்தை 73 வயதிலிருந்து கட்டாயமாக எடுக்கத் தொடங்க வேண்டும். 1960-லும் அதன் பிறகும் பிறந்தவர்களுக்கு அது 75. ரோத்தில் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கட்டாயம் இல்லை.

உங்கள் வயதைவிடச் சின்ன வயதிலும் தொடங்கலாம், சம்பாதித்த வருமானம் இருந்தால் போதும். என் மகள் போன கோடையில் நீச்சல் குளத்தில் லைஃப்கார்டாக நின்று 1,800 டாலர் சம்பாதித்தாள். அவ்வளவு தொகைக்கு அவள் பெயரில், என் பொறுப்பில், ஒரு ரோத் திறந்தோம். பணம் வந்து சேர்ந்த அன்றே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து பங்குக் குறியீட்டைப் பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்டு வாங்கினேன். 'கேஷ்' என்ற சொல்லுக்கு நேரே பூஜ்யம் வந்ததை அவளுக்குக் காட்டினேன்.