பிள்ளை எந்தக் கிழமையில் வரவில்லை? பள்ளி வருகை பற்றிக் கேள்வி பதில்

அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வருவது பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி (பனியன் கம்பெனியில் வேலை செய்யும் தாய், திருப்பூர்): என் மகன் நாலாம் வகுப்பு. மாதம் இரண்டு நாள்தான் லீவு போடுகிறான். அதற்கே டீச்சர் கூப்பிட்டுப் பேசுகிறார். இது பெரிய விஷயமா சார்?

பெரிய விஷயம்தான் அம்மா. கட்டாயக் கல்விச் சட்டப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள். மாதம் இரண்டு என்றால் பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்கு 20. பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அமெரிக்காவில் இந்த அளவை எட்டினாலே தீராத வருகைக் குறைவு என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த இரண்டு நாள் எந்தக் கிழமையில் விழுகிறது என்று பாருங்கள். உங்கள் ஊரில் சனிக்கிழமை சம்பளம். ஞாயிறு சொந்த ஊருக்குப் போய்விட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பினால் திங்கட்கிழமை பையன் எழுந்திருக்க மாட்டான். திங்களன்று டீச்சர் வகுத்தல் கணக்கு தொடங்கியிருப்பார். செவ்வாய்க்கிழமை இவனுக்கு ஒன்றும் புரியாது. புதன்கிழமை வயிற்றுவலி வரும். ஞாயிறு மாலைக்குள் வீடு திரும்புவதை மட்டும் ஒரு மாதம் செய்து பாருங்கள்.

கேள்வி (வகுப்பாசிரியை, கள்ளக்குறிச்சி மாவட்டம்): தினமும் செயலியில் வருகை பதிகிறோம். சதவீதம் குறைந்தால் மேலே இருந்து கேட்கிறார்கள். ஆனால் வராத பிள்ளை வராமலேதான் இருக்கிறது. வேறு என்ன செய்ய?

செயலி கேட்பது இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்பதை. அது மேலிருந்து கீழாகப் படிக்கும் கணக்கு. நீங்கள் பதிவேட்டைக் குறுக்காகப் படியுங்கள். ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே அந்த மாதம் முழுவதும் விரலை ஓட்டுங்கள். வகுப்பில் தினமும் 92 சதவீதம் இருக்கும், பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே ஐந்தாறு பெயர்கள் மாறி மாறி ஆப்சென்ட் ஆகியிருக்கும். ஒருத்தி வியாழக்கிழமைதோறும் வருவதில்லை, அன்று சந்தை, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இன்னொருவன் கணக்குத் தேர்வு வைக்கும் நாளெல்லாம் வருவதில்லை. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

அப்புறம், வராத அன்றே காலை பத்தரை மணிக்குள் வீட்டுக்குப் பேசிவிடுங்கள். மூன்றாம் நாள் பேசினால் அதற்குள் வீட்டில் ஒரு கதை தயாராகிவிடும். தலைமையாசிரியர் பேசினால் பயப்படுவார்கள், வகுப்பாசிரியர் பேசினால் பதில் சொல்வார்கள். "ஏன் அனுப்பவில்லை" என்று தொடங்காதீர்கள். "பாப்பா வரலையே, உடம்புக்கு என்ன?" என்று கேட்டால் போதும். போன் எடுக்காத வீடு என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் அதே தெருக்காரர் யாராவது இருப்பார். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட மட்டும் அவர்களை வைத்திருக்கிறோம், அதுதான் சிக்கல்.

திரும்பி வந்த பிள்ளையை வாசலில் நிற்க வைக்காதீர்கள். அடிப்பதும் அவமானப்படுத்துவதும் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி தடை. அது இருக்கட்டும், நிற்க வைத்தால் அடுத்த முறை லேட்டாக வருவதற்குப் பதில் வராமலே இருந்துவிடுவான்.

கேள்வி: நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கலாமா?

எனக்குப் பிடிக்காத பழக்கம். கண் சிவந்த பிள்ளையும் காய்ச்சல்காரப் பிள்ளையும் பரிசுக்காக வந்து வகுப்புக்கே பரப்பிவிடுவார்கள். பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், போன மாதத்தைவிடக் கூடுதலாக வந்தவனுக்குக் கொடுங்கள்.

கேள்வி (தந்தை, சிவகங்கை): ஐந்தாம் வகுப்பு வரை ஒரு நாள் தவறாமல் போனவன், ஆறாம் வகுப்பில் வாரம் ஒரு நாள் தலைவலி என்கிறான். நடிக்கிறானா?

முதலில் காலையில் என்ன சாப்பிடுகிறான் என்று பாருங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. மாநிலத் திட்டக் குழு ஆராய்ந்ததில் 1,543 பள்ளிகளில் 1,319-இல் வருகை கூடியிருந்தது. ஆனால் அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்பில் அந்த உப்புமாவும் பொங்கலும் கிடையாது. பள்ளியும் தூரமாகிவிடுகிறது, பஸ்ஸும் சீக்கிரம். வெறும் வயிற்றோடு மதியச் சாப்பாடு வரை இருந்தால் தலைவலி நிஜமாகவே வரும். வீட்டில் நேரமில்லை என்றால் முந்தின நாள் இட்லியாவது கட்டிக் கொடுங்கள். கண்ணையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

கேள்வி (ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்): பொங்கல் முடிந்ததும் சில குடும்பங்கள் பிள்ளைகளோடு செங்கல் சூளைக்குப் போய்விடுகின்றன. ஜூனில்தான் திரும்புகின்றன. முழு ஆண்டுத் தேர்வும் போய்விடுகிறது.

இதற்குப் பேசும் நேரம் ஜனவரி இல்லை. குடும்பம் சூளைக்காரரிடம் முன்பணம் வாங்கும் முன்பே பேச வேண்டும். வாங்கிவிட்டால் அவர்கள் கையில் எதுவும் இல்லை. பாட்டி தாத்தா ஊரில் இருந்தால் பிள்ளையை அவர்களிடம் விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகள் (2025-இல் சமூக நீதி விடுதிகள் என்று பெயர் மாறின), பெண் பிள்ளைகளுக்குக் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா என்னும் உண்டு உறைவிடப் பள்ளி. காலியிடம் இருக்கிறதா என்று நீங்களே விசாரித்து வையுங்கள். அந்தப் பெற்றோரை நாலு அலுவலகம் ஏறச் சொன்னால் ஏற மாட்டார்கள்.

கூட்டிக்கொண்டுதான் போவோம் என்றால், எந்த ஊர்ச் சூளை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்குள்ள அரசுப் பள்ளி எட்டாம் வகுப்பு வரை, டி.சி. தாமதமானாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளையின் எமிஸ் எண்ணை (அரசுக் கல்விப் பதிவில் உள்ள மாணவர் எண்) ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள், அந்தத் தலைமையாசிரியருக்கு ஒரு போனும் போடுங்கள். 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையைக் கல் புரட்ட வைக்கிறார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

கேள்வி (தாய், தஞ்சாவூர்): ஒன்பதாம் வகுப்பு மகள் மாதத்தில் மூன்று நாள் போக மறுக்கிறாள்.

பள்ளிக் கழிப்பறையை ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போடக் கூடை இருக்கிறதா. புது யுகம் திட்டத்தில் அரசு இலவசமாக நாப்கின் தருகிறது. ஆனால் அது அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தால் எந்தப் பெண் போய்க் கேட்பாள்? ஒரு ஆசிரியையின் பொறுப்பில், கேட்காமலே எடுத்துக்கொள்ளும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அப்படியும் வலி அதிகம் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், "எல்லாருக்கும் இருப்பதுதான்" என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (அண்ணன், சேலம்): தம்பி பிளஸ் டூ. கேட்டரிங் வேலைக்குப் போய்க் காசு பார்த்துவிட்டான். பரீட்சையே எழுத மாட்டேன் என்கிறான்.

2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழித் தேர்வுக்குச் சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை என்று பெரிய செய்தியானது. இப்படிப்பட்ட பலர் தேர்வன்று காணாமல் போவதில்லை தம்பி. பள்ளிக்கு வருவதை நிறுத்திப் பல மாதம் ஆகியிருக்கும், பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கும்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் இரண்டு கல்யாண வேலையில் அதைச் சம்பாதிப்பவனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். வேலையை விடு என்று சண்டை போடாதீர்கள். முகூர்த்த நாள் தவிர மற்ற நாள் வகுப்புக்குப் போகச் சொல்லுங்கள், ஹால் டிக்கெட்டை நீங்களே வாங்கி வையுங்கள். ஒரு பாடம் போனாலும் சில வாரத்தில் துணைத் தேர்வு உண்டு, அதே வருடம் கல்லூரியில் சேரலாம். தேர்வைப் பற்றிப் பயம் இருந்தால் கல்வி உதவி எண் 14417-க்குக் கூப்பிடட்டும்.

கேள்வி: குலதெய்வக் கோயில் திருவிழாவுக்குக்கூடப் போகக் கூடாதா சார்?

யார் சொன்னது? தாராளமாகப் போங்கள். முன்கூட்டியே டீச்சரிடம் சொல்லிவிட்டு, தேர் அன்றைக்கு ஒரு நாள். கறி விருந்து, மறு விருந்து, மாமா வீடு என்று நாலு நாளாக்காதீர்கள். லீவு லெட்டரைப் பிள்ளையே எழுதட்டும்.