வாசகர் கேள்வி – பதில்: ஓசையும் வடிவும் பொருளும்

கேள்வி: பள்ளியில் செய்யுளுக்கு உரை எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்தது. பொருள் முழுவதும் உரையிலேயே வந்துவிடும் என்றால், செய்யுளில் மிஞ்சுவது வெறும் அலங்காரம்தானா?

பதில்: உரையில் வந்துவிடுவது செய்தி. அந்தச் செய்தி எந்த வரிசையில், எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில், எவ்வளவு தாமதித்து நம்மிடம் வந்து சேர்கிறது என்பதும் பொருளின் பகுதியே. அதை எந்த உரையாலும் எடுத்துச் செல்ல முடிவதில்லை. எல்லோரும் அறிந்த குறுந்தொகையின் 40ஆம் பாடலையே பார்ப்போம்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே

முன்பின் அறியாத இருவர் நெஞ்சங்கள் செம்மண்ணில் பெய்த மழைநீர் போல அன்பால் ஒன்றாயின என்று உரை எழுதிவிடலாம், அதில் பிழையில்லை. ஆனால் முதல் மூன்று அடிகளைக் கவனியுங்கள். என் தாய், உன் தாய். என் தந்தை, உன் தந்தை. நான், நீ என்று ஒவ்வோர் அடியும் இருவரையும் பிரித்து நிறுத்திவிட்டுத்தான் கேள்வியைக் கேட்கிறது. நான்காம் அடி முதல் 'என்' என்பதும் இல்லை, 'உன்' என்பதும் இல்லை. கடைசி அடியில் எஞ்சியிருப்பது, யாருடைய நெஞ்சம் எது என்று பிரித்துச் சொல்லாத 'நெஞ்சம் தாம்' என்ற பன்மை மட்டுமே. 'கலந்தன' என்ற வினைமுற்று வந்து சேர்வதற்கு முன்பே, அந்தக் கலப்பை இலக்கணம் நடத்தி முடித்துவிடுகிறது.

யாப்பும் சும்மா இருக்கவில்லை. இந்தப் பாடல் நேரிசை ஆசிரியப்பா. அந்தப் பாவகையில் கடைசிக்கு முந்தைய அடி மூன்று சீராக வர வேண்டும் என்பது விதி. எத்தனையோ பாடல்களில் அது வெறும் விதியாகவே கடந்துபோகும். இங்கோ, நாற்சீர் நடைக்குப் பழகிவிட்ட காது ஒரு சீர் குறைவதை உணரும் இடமும், பாடலின் ஒரே உவமை வரும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. அந்த அடி முடிவதும் 'போல' என்ற, தானாக நிற்க முடியாத சொல்லில். எனவே கடைசி அடியை நாம் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே அதற்காகக் காத்திருக்கிறோம். இந்தக் காத்திருப்பை எந்த உரையாசிரியரால் எழுதிவிட முடியும்?

கேள்வி: வல்லினம் சினத்துக்கு, மெல்லினம் அன்புக்கு என்று மேடைகளில் சொல்கிறார்கள். எழுத்துகளுக்குத் தனியே உணர்ச்சி உண்டா?

பதில்: மேடையில் கைதட்டல் வாங்கும் கருத்துதான், எனக்கு உடன்பாடில்லை. வல்லெழுத்து மிகுந்து வந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்து வந்தால் மெல்லிசை வண்ணம் என்று தொல்காப்பியச் செய்யுளியல் ஓசையை ஓசையாகவே வகைப்படுத்துகிறது. இந்த ஓசை இந்த உணர்ச்சிக்கு உரியது என்று அங்கே எழுதி வைக்கவில்லை.

கம்பராமாயணத்தின் ஆரணிய காண்டத்தில் சூர்ப்பணகை அழகிய உருவெடுத்து வரும் பாடலில் பஞ்சி, செஞ்செவிய, கஞ்சம், அஞ்சொல், மஞ்ஞை என்று ஓசை குழைந்துகொண்டே வருகிறது. ஞகர ஒலி என்றால் மென்மை என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் பாடல் முடிவதோ "வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்" என்று. கொடிக்கும் நஞ்சுக்கும் வஞ்சத்துக்கும் அதே ஓசைதான். இனிமையும் நஞ்சும் ஒரே குரலில் வருகின்றன என்பதே அங்கே ஆபத்து. ஓசை ஒன்றாக இருப்பதால்தான் அந்த ஆபத்து காதிலேயே விழுகிறது. ஓசை தானாக எதையும் சொல்வதில்லை. அகராதியில் தொலைவில் கிடக்கும் சொற்களை அது நெருக்கமாக நிறுத்துகிறது. நெருங்கி நின்றபின் ஒன்றின் பொருள் மற்றொன்றில் படிகிறது. எதுகைக்கும் மோனைக்கும் உள்ள உண்மையான வேலை இதுதான் என்பது என் கருத்து.

கேள்வி: புதுக்கவிதை என்பது உரைநடையை மடக்கிப் போடுவதுதானே?

பதில்: புதுக்கவிதைக்கு இடம் தந்த 'எழுத்து' இதழைச் சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய காலத்துக்கும் பழகிய கேள்வி இது. மடக்கிப் போட்ட உரைநடை ஏராளமாக அச்சாகிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் மடக்கும் இடம் பொருளை மாற்றக்கூடியது. 'அவன் திரும்பி வருவான் என்று நான் நம்பவில்லை' என்ற சாதாரண வாக்கியத்தை இப்படி எழுதிப் பாருங்கள்.

அவன் திரும்பி வருவான்
என்று நான் நம்பவில்லை

முதல் வரி தனி வாக்கியமாகவே நிற்கிறது. வரி முடியும் அளவுக்காவது அவன் வரத்தான் போகிறான். 'என்று' என்ற சொல்லை மட்டும் முதல் வரியின் இறுதிக்கு ஏற்றிவிட்டால், இதை யாரோ சொல்கிறார்கள் அல்லது நினைக்கிறார்கள் என்ற எச்சரிக்கை முன்கூட்டியே வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லாமல் போகிறது. தமிழில் வினைமுற்றும் எதிர்மறையும் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருவதால், வரியை முறிக்கும் கவிஞருக்கு இந்த வசதி தாராளமாகக் கிடைக்கிறது. பலர் இதைப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் குறை.

கேள்வி: எதுகைக்காகச் சொல் தேடினால் நான் எழுத நினைத்த பொருளே மாறிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: மாறிய பொருள் முதலில் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், சில வேளை இருக்கும். அப்படியானால் எதுகையின் பின்னாலேயே போகலாம். இல்லையென்றால், நன்னூல் என்ற இலக்கண நூல் சொல்லும் பத்துக் குற்றங்களுள் 'நின்று பயனின்மை' என்று ஒன்று உண்டு, சொல் இருந்தும் அதனால் பயன் இல்லாமை. அந்தப் பெயரைச் சொல்லி அச்சொல்லை அடித்துவிடுங்கள்.